மனைக்கு 30 அடி ரோடு உண்டு... மழைத் தண்ணீருக்கு வழி எங்கே?

கடலூர், சிதம்பரம் மக்களுக்கு வீடும் வேண்டும், வாய்க்காலும் வேண்டும். இரண்டுக்கும் இடம் ஒதுக்குவது எப்படி?

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே வண்ணக் கொடிகள் பறக்கும் இடங்கள் கண்ணில் படும். வரிசையாக நட்ட கற்கள், செம்மண் கொட்டிய ரோடு, முகப்பில் ஓர் ஆர்ச், பக்கத்திலேயே பெரிய போர்டு. ‘பஸ் ஸ்டாண்டுக்குப் பத்தே நிமிடம்’, ‘30 அடி ரோடு’, ‘சுவையான குடிநீர்’, ‘வங்கிக் கடன் வசதி’ என எல்லாமே அதில் எழுதியிருக்கும். ஒன்று மட்டும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைத் தண்ணீர் இந்த இடத்துக்கு எந்தப் பக்கமாக வரும், எந்தப் பக்கமாகப் போகும் என்ற தகவல்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பார்கள். பல வருடச் சேமிப்பு, அடகு வைத்த நகை, வங்கிக் கடன், வெளிநாட்டில் இருந்து பிள்ளை அனுப்பும் பணம்... எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனை. அந்த மனை, தண்ணீர் வழக்கமாகப் போகும் பாதையில் இருந்தால்? முதல் மழையில் இல்லாவிட்டாலும் பத்தாவது மழையில் விடை தெரிந்துவிடும்.

இந்த மாவட்டத்துக்கு அந்த விடை பலமுறை கிடைத்திருக்கிறது.

ஐந்து ஆறுகளின் கடைசி ஊர்

கடலூர் மாவட்டத்தின் அமைப்பே தனி. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்து வரும் கெடிலம், நெய்வேலிப் பகுதித் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வரும் பரவனாறு, சேலம் பக்கத்து மலைகளின் மழையைச் சுமந்து வரும் வெள்ளாறு, தெற்கு எல்லையில் காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடம். இந்த ஐந்தும் மாவட்டத்தின் கடற்கரையிலோ எல்லையிலோதான் கடலில் கலக்கின்றன. எங்கோ பெய்யும் மழைக்கும் கடைசி நிறுத்தம் இதுதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையம், விசூர் கிராமங்களில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் சேர்த்து இழுத்துப் போனது.

2024-ல் ‘ஃபெஞ்சல்’ புயல் கரையைக் கடந்த இரண்டு நாட்களில், சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். ஆனால், தென்பெண்ணை வழியாக அது வந்து சேர்ந்த இடம் கடலூர். ஆற்றையொட்டிய புறநகர்க் குடியிருப்புகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மக்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள்.

புயலையும் பெருமழையையும் யாராலும் நிறுத்த முடியாது. ஆனால், வெள்ளம் வரும் வழியில் எத்தனை வீடுகள் இருக்கப்போகின்றன என்பதை மழை முடிவு செய்வதில்லை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் மேஜையில் அது முடிவாகிறது.

வீடு கேட்பது தவறா?

நிச்சயமாக இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 26 லட்சத்துக்கு மேல். கடலூர் நகரில் 1.73 லட்சம் பேர், சிதம்பரத்தில் 62 ஆயிரம் பேர். அதன் பிறகு கடலூர் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது. கூட்டுக் குடும்பங்கள் பிரிகின்றன. வேலைக்கும் படிப்புக்கும் நகரத்தை நோக்கி வருபவர்கள் கூடுகிறார்கள். ‘தானே’ அடித்தபோது முதலில் பறந்தவை கூரை வீடுகள்தான். அதன் பிறகுதான் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கான்கிரீட் வீடுகள் கட்டித் தரும் திட்டம் வந்தது. இப்போதும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில், 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவது அரசின் இலக்கு.

அதனால் ‘வயலில் வீடே கட்டாதே’ என்று சொல்வது எளிது, நடக்காது. பலமான வீடு என்பதும் புயல் பூமியில் உயிர் காக்கும் பொருள்தான். எந்த இடத்தில் கட்டுவது, எந்த இடத்தை விட்டுவைப்பது, அதை யார், எப்போது முடிவு செய்வது என்பதில்தான் சிக்கல்.

வயல் செய்யும் சத்தமில்லாத வேலை

ஒரு சின்னக் கணக்கு. பத்து ஏக்கர் நெல் வயல். வரப்புக்குள் அரை அடித் தண்ணீர் நிற்கிறது. அப்படியென்றால் அந்த வயல் பிடித்துவைத்திருப்பது சுமார் 60 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகளில் நிரப்பினால் 500 லாரி! அந்த வயலில் மூன்றடி மண் அடித்து மேடாக்கி மனை போட்டால், அந்த 500 லாரித் தண்ணீரும் வேறு இடம் தேட வேண்டும். முதலில் பக்கத்து வயலுக்குப் போகும். அதுவும் மேடானால் பழைய குடியிருப்புக்கு வரும்.

பல ஊர்களில் நாற்பது, ஐம்பது வருட வீடுகளின் வாசல் இன்று ரோட்டைவிடத் தாழ்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். அந்த வீடுகள் இறங்கவில்லை. சுற்றியிருக்கும் நிலம் ஏறிவிட்டது. புதிதாக வருபவர் பள்ளத்துக்குப் பயந்து மேடாக்குகிறார். அவருக்குப் பக்கத்தில் வருபவர் அதைவிட உயர்த்துகிறார். கடைசியில் மேடாக்க வசதியில்லாதவரின் வீடுதான் ஊருக்கே குளமாகிறது.

நான்கு வழிச்சாலைகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை ஊர்களுக்கு நல்ல வசதி. சாலை வந்தால் இருபுறமும் மனைகள் வருவதும் இயல்பு. ஆனால், உயர்த்திப் போட்ட சாலை ஒரு கரை மாதிரி. மேற்கே இருந்து கிழக்கே கடலுக்குப் போகும் தண்ணீர், சாலைக்கு அடியில் இருக்கும் பாலங்கள் வழியாகத்தான் கடக்க முடியும். அந்தப் பாலத்தின் வாயிலேயே ஒரு மனைப்பிரிவு உட்கார்ந்துவிட்டால், பாலம் இருந்தும் பயனில்லை.

ஏரியும் குளமும் சும்மா வெட்டவில்லை

இந்த மண்ணின் பழைய மனிதர்கள் தண்ணீருக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை யோசித்தார்கள். காட்டுமன்னார்கோவில் அருகே உள்ள வீராணம் ஏரி, 10-ம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதே இந்த ஏரிக்கரையில்தான். சுமார் 16 கி.மீ. நீளம், 1,465 மில்லியன் கன அடி கொள்ளளவு. கீழணையில் இருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வாங்கி, சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. 2004-ல் இருந்து சென்னைக்குக் குடிநீரும் அனுப்புகிறது. ஏரி நிரம்பினால் உபரிநீர் போவதற்கு வெள்ளியங்கால் ஓடை இருக்கிறது. ஏரி என்றால் கரை மட்டுமல்ல. வரத்து வாய்க்கால், வடிகால், ஓடை எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி.

சிதம்பரத்தைப் பாருங்கள். நடராஜர் கோயில் சிவகங்கையோடு சேர்த்து, வியாக்கிரபாத தீர்த்தம், நாகசேரி, அனந்த தீர்த்தம், திருப்பாற்கடல், புலிமடு என்று தலத்துக்குரிய தீர்த்தங்கள் பத்து. பத்தும் பக்தி சம்பந்தப்பட்டவை மட்டும்தானா? வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல் என்று இருக்கும் தாழ்வான ஊரில், மழையை வாங்கி வைக்கும் தொட்டிகளும் அவைதான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஞானப்பிரகாசர் வெட்டியதாகச் சொல்லப்படும் குளம் இன்றும் அவர் பெயரிலேயே ஊருக்குள் இருக்கிறது. ஒரு குளம் நிரம்பினால் வாய்க்கால் வழியாக அடுத்த இடத்துக்குத் தண்ணீர் போகும். இடையில் ஒரே ஒரு வாய்க்காலை அடைத்தால் போதும். குளம் வறண்டு கிடக்கும், தெரு மிதக்கும்.

சட்டம் இல்லையா?

நிறையவே இருக்கிறது. மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி வாங்கச் சொல்லும் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பல ஆண்டுகளாக, எந்த அனுமதியும் இல்லாமல் விளைநிலங்கள் மனைகளாகி, பத்திரப்பதிவும் நடந்துகொண்டிருந்தது.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. மாநிலம் முழுக்க மனை விற்பனை ஸ்தம்பித்தது. ஏற்கெனவே பணத்தைப் போட்ட லட்சக்கணக்கான குடும்பங்களின் கதி? அதற்காக 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அனுமதியற்ற மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஏரி, குளம், வாய்க்கால், ஆறு போன்ற பொது நீர்நிலையில் இருக்கும் மனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இது நியாயமான ஏற்பாடுதான். தெரியாமல் வாங்கியவருக்கு ஒரு வழி, நீர்நிலைக்கு ஒரு பாதுகாப்பு. ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. மனை விற்ற பிறகு, வீடு எழும்பிய பிறகு தண்ணீரைப் பற்றி யோசித்தால், மிச்சமிருப்பது இரண்டே வழிகள்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்வது, அல்லது ஜே.சி.பி.யை அனுப்புவது.

2019-ல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவிகிதத்தைப் பொது உபயோகத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். ‘ஓ.எஸ்.ஆர்.’ நிலம் என்பது இதுதான். 2024 ஜூலையில் இருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அளித்து இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு அலைச்சல் மிச்சம். ஆனால், அதிகாரி நேரில் வந்து பார்க்கும் வேலை குறையக் குறைய, எது வாய்க்கால், எது வெள்ளப் பாதை என்பது முன்கூட்டியே வரைபடத்தில் தெளிவாக இருக்க வேண்டியது கட்டாயமாகிறது.

வேலியில் ஒரு இடைவெளி

2020-ல் தமிழக அரசு ‘பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல’ச் சட்டம் கொண்டுவந்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் இருக்கின்றன. சிதம்பரத்தைச் சுற்றிய பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட முடியாது. தோல் ஆலை, துத்தநாக உருக்காலை போன்றவை வர முடியாது. விவசாயிகள் நீண்டகாலம் கேட்டுக்கொண்டிருந்த பாதுகாப்பு இது.

ஆனால், அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. விளைநிலத்தை மனையாக மாற்றத் தனி அனுமதி வாங்க வேண்டும், வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். ஆனாலும் அது ஒவ்வொரு சர்வே எண்ணாகத்தான் நடக்கிறது. ஒருவர் மூன்று ஏக்கருக்கு விண்ணப்பிக்கிறார். அந்த மூன்று ஏக்கரை மட்டும் பார்த்தால் தவறொன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் ஐந்து ஏக்கர். அதுவும் சரி. இப்படி இருபது விண்ணப்பங்களும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். இருபதும் சேர்ந்தால் ஒரு ஏரியின் வடிகால் காணாமல் போயிருக்கும். தண்ணீருக்கு சர்வே எண் தெரியாது. அது மேட்டில் இருந்து பள்ளத்துக்கு ஒரே பாதையாகப் போகும்.

நீர்நிலைகளைக் காக்கும் சட்டத்திலும் இதே குறை உண்டு. 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம், பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கானது. ஊருக்குள் இருக்கும் சின்னக் குளம், குட்டை, ஊராட்சி ஏரிகள் அதன் வரம்பில் வருவதில்லை. அவற்றுக்கு வேறு சட்டங்கள், வேறு அலுவலகங்கள். ஏரி ஒரு துறையிடம், வாய்க்கால் இன்னொரு துறையிடம், மனை ஒப்புதல் மூன்றாவது துறையிடம் என்றால், தண்ணீரின் முழுப் பாதையையும் பார்ப்பது யார்?

இடிக்கப்படுவது யாருடைய வீடு?

குளங்களையும் பொது நிலங்களையும் மீட்க வேண்டும் என்று 2001-லும் 2011-லும் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்புகள் வழங்கியது. அதன் பிறகு நாடு முழுவதும் ஆக்கிரமிப்பு அகற்றம் வேகம் பிடித்தது. சிதம்பரம் நகரிலும் குளக்கரை, வாய்க்கால்கரையில் இருந்த குடியிருப்புகள் நீதிமன்ற உத்தரவுகளின்படி அகற்றப்பட்டிருக்கின்றன.

குளம் மீண்டது நல்லது. ஆனால், அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் யார்? ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாமல் புறம்போக்கில் ஒதுங்கியவர்கள். வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் அதே முகவரியில் கொடுக்கப்பட்டிருக்கும். இத்தனையும் கிடைத்த பிறகு, ‘இது நீர்நிலை’ என்று ஒருநாள் சொன்னால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நீண்ட நாள் குடியிருந்தால் பட்டாவுக்கு வழி உண்டு. நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை தலைமுறை இருந்தாலும் வழியில்லை.

சாதாரண விலையில், வேலைக்குப் போய் வரும் தூரத்தில் வீடு கிடைக்காத ஊரில் குளக்கரைதான் ஏழைகளின் ‘லேஅவுட்’ ஆகிறது. குளத்தைக் காப்பாற்றும் திட்டத்தில் ஏழைக்கு வீட்டுமனை தருவதும் ஒரு பகுதியாக இருந்தால்தான், மீட்ட குளம் மீட்டபடியே இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு இது கடலோரத்தில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2005 மார்ச்சில் வந்த அரசாணை, புதிய வீடுகளை உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்கு அப்பால் கட்டித் தர முடிவு செய்தது. உயிர்ப் பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் மீனவருக்குப் படகும் வலையும் கண்பார்வையில் இருக்க வேண்டும். கடலின் நிறம் பார்த்துத்தான் காலையில் இறங்க வேண்டும். வீடு பாதுகாப்பாக இருந்தால் மட்டும் போதாது, பிழைப்புக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் குடியிருப்புகள் உணர்த்தின.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அது ஒரு மரத்தின் பெயர். உவர் நிலத்தில் வளரும் அலையாத்தி வகை. இன்று ஊருக்குள் தில்லை மரக்காடு இல்லை. அதைப் பார்க்க கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடையில் இருக்கும் இந்தக் காட்டுக்கு நன்னீர் கொண்டுவருபவை உப்பனாறும் கான் சாகிப் வாய்க்காலும். சிதம்பரம் பக்கத்து வயலிலும் தெருவிலும் ஓடும் தண்ணீர் சுத்தமாகவும் தடையில்லாமலும் போனால்தான் காடு பிழைக்கும்.

சுனாமிக்குப் பின், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் அந்தக் கடலோரத்தில் 18 குக்கிராமங்களை ஆராய்ந்தார்கள். அலையாத்திக் காடும் மரங்களும் காத்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்றார்கள். வேறு சில விஞ்ஞானிகள், ‘அந்த ஊர்கள் கடலில் இருந்து தூரத்திலும் சற்று மேட்டிலும் இருந்ததே முக்கியக் காரணம்’ என்று மறுத்தார்கள். காடு காத்ததா, தூரம் காத்ததா? எப்படிப் பார்த்தாலும் சாமானியருக்கான பாடம் ஒன்றுதான். எந்த இடத்தில் வீடு கட்டினார்கள் என்பதுதான் உயிரைத் தீர்மானித்தது.

இன்னொரு பாடமும் உண்டு. ஒரு காலத்தில் பிச்சாவரத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் பள்ளமாகி, உப்பு நீர் தேங்கி, மரம் முளைக்காமல் போனது. வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதத் தண்ணீர் வந்து போக வழி கிடைத்ததும் காடு திரும்பி வந்தது. வழியை அடைத்தால் நிலம் சாகும், வழி விட்டால் பிழைக்கும்!

2022 ஜூலையில் பிச்சாவரம், சுமார் 1,478 ஹெக்டேர் பரப்பளவில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அப்போதே அறிவிக்கப்பட்ட இன்னோர் இடம் சென்னை பள்ளிக்கரணை. அங்கே சதுப்பு நிலத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பிய பிறகு, ‘எது எல்லை, எவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் கூடாது’ என்ற கேள்வி 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வீடு வாங்கியவர், கட்டியவர், அனுமதி கொடுத்தவர் எல்லோரும் குழப்பத்தில். பிச்சாவரத்தைச் சுற்றி அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை. எல்லையையும் அதன் தாக்க மண்டலத்தையும் நிதானமாக, கிராம மக்களைக் கேட்டு வரையறுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

முதலில் தண்ணீர், பிறகு மனை

நெதர்லாந்து நாட்டில் 1990-களில் ஆறுகள் மிரட்டியபோது லட்சக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை என்று ‘ஆற்றுக்கு இடம் விடுவோம்’ என்ற திட்டத்தை முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நடத்தினார்கள். நைமேகன் நகரில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளிவைத்தார்கள். சுமார் 50 வீடுகளை இடம் மாற்றி, ஆற்றுக்குப் புதிதாக ஒரு கிளையே வெட்டினார்கள். கட்டிய வீட்டை எடுப்பது பணக்கார நாட்டுக்கே பெரிய செலவு. நமக்குக் கட்டுமுன் யோசிப்பதே மலிவு.

அதற்குச் செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் அல்ல. முதலாவது, ஊராட்சிவாரியாகத் தண்ணீர் வரைபடம். ஏரி, குளம் மட்டுமல்லாமல் வரத்து, வடிகால், 2015-லும் 2024-லும் தண்ணீர் நின்ற இடங்கள் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைத் தாண்டித்தான் எந்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் என்று ஆக வேண்டும்.

இரண்டாவது, மனைப்பிரிவில் ஒதுக்கும் 10 சதவிகித ஓ.எஸ்.ஆர். நிலத்தை விற்க முடியாத மூலையில் தள்ளாமல், இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் ஒதுக்கச் சொல்லலாம். வெயில் காலத்தில் பிள்ளைகள் விளையாடட்டும், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கட்டும். மூன்றாவது, மண் அடித்து உயர்த்தும் உயரத்துக்கு ஊருக்கு ஒரே அளவு. நான்காவது, ஏற்கெனவே சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை வசதி உள்ள நகரப் பகுதிக்குள் நான்கு மாடி கட்டச் சலுகை. நகரம் கொஞ்சம் மேலே வளர்ந்தால், நன்செய் கொஞ்சம் தப்பிக்கும். ஐந்தாவது, அரசு கட்டும் வீடுகளுக்கும் இதே விதி. இலவசமாகக் கிடைக்கும் நிலம் என்பதற்காகப் பள்ளத்தில் குடியிருப்பு கட்டினால், வருடா வருடம் நிவாரண முகாம் நடத்த வேண்டியதுதான்.

வாங்கும் முன் ஏழு கேள்விகள்

அரசு மாறும்வரை உங்கள் சேமிப்பு காத்திருக்காது அல்லவா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யின் ஒப்புதல் எண் உண்டா? ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று மட்டும் சொன்னால் உஷார்.

2. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ‘ரெரா’ பதிவு எண் வேண்டும். இணையத்தில் சரிபாருங்கள்.

3. பட்டாவோடு நிறுத்தாதீர்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண்ணின் பழைய வகைப்பாடு என்ன என்று கேளுங்கள். வாய்க்கால், ஓடை, குட்டை, ஏரி என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

4. எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மனைக்குள் இல்லாவிட்டாலும், பக்கத்தில் வாய்க்கால் கோடு ஓடுகிறதா? அது இன்று தரையில் இருக்கிறதா, இல்லை ரோடாகிவிட்டதா?

5. கடல், கழிமுகம், உப்பனாறு அருகில் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா? அலையேற்றம் உள்ள ஆற்றோரத்துக்கும் அந்த விதி பொருந்தும்.

6. மனையைக் கார்த்திகை மாத மழைக்கு மறுநாள் ஒருமுறை பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும்.

7. பக்கத்து வயலில் வேலை செய்யும் பெரியவரிடமோ, ஆடு மேய்க்கும் அம்மாவிடமோ, ‘இங்கே தண்ணீர் எதுவரைக்கும் நிற்கும்?’ என்று கேளுங்கள். போர்டில் எழுதாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஊர் கூடும் நாளில்...

தனி மனிதர் செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது. நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது, வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அறிவிப்பு வரும் நாளில் அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் நிலம் வாங்கி விற்பவர்கள். குடியிருக்கப்போகிறவர்களும் படிக்க வேண்டும். ‘எங்கள் தெருவுக்கு மேற்கே உள்ள இந்த வடிகாலைக் குடியிருப்புப் பகுதி என்று காட்டியிருக்கிறீர்கள்’ என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால், அது பதிவாகும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாட்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று கிராம வரைபடத்தை எடுத்துப்போய், ஊரின் ஒவ்வொரு குளத்தையும் ஓடையையும் பெயர் சொல்லிக் குறித்து, ‘இவற்றில் மனை ஒப்புதல் கூடாது’ என்று ஒரு தீர்மானம் போடலாம். கூடவே, வீடில்லாத குடும்பங்களின் பட்டியலையும், அவர்களுக்கு மனை தரத் தகுந்த மேட்டு நிலம் ஊரில் எங்கே இருக்கிறது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கலாம். அடுத்த ஐப்பசிக்குள் அந்தத் தீர்மானத்தின் நகல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், மனை வாங்க வருபவர் போர்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பார்.